இருக்கக்கூடிய சிற்றாலயம்

வில்ஃப் பிளெங்கினின் கொல்லைக் கதவுக்கும் கடலுக்கும் நடுவே பதினோரு கஜம் மிச்சமிருந்த வருஷத்தில்தான் அவருடைய ஆட்டுப்பட்டி பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. முந்தின நாள் வரை அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில்தான் இருந்தது.

எங்கள் ஊர் ஹில்டர்பியில் கடல் நிலத்தைத் தின்பது ஒரு செய்தியே இல்லை. எங்கள் கரை பாறை அல்ல, வெறும் களிமண். குளிர்காலத்துக்கு இரண்டு கஜம் போகும், கடலுக்குக் கோபம் வந்தால் மூன்று. வில்ஃபின் அப்பா காலத்தில் அந்த வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாலையும் ஒரு பார்லி வயலும் ஒரு மெதடிஸ்ட் ஜெபவீடும் இருந்தன. அவற்றுக்காக இங்கே யாரும் உட்கார்ந்து அழுவதில்லை. வீட்டை இடித்துப் பின்னால் தள்ளிக் கட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். வில்ஃபுக்கும் மாவட்ட அலுவலகம் அப்படி அனுமதி கொடுத்திருந்தது. அடுத்த வருஷம் மார்ச் முப்பத்தொன்றுக்குள் அஸ்திவாரம் போட வேண்டும். சொந்த நிலமாக, தண்ணீர் தேங்காத மேடாக இருக்க வேண்டும். அவருடைய நிலத்தில் அப்படிப்பட்ட மேடு ஒன்றே ஒன்றுதான். அதன் நடுவில் ஆட்டுப்பட்டி நின்றது.

"கரையோரத் தொன்மைக் காப்பகத்துல ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிடுங்க. சும்மா சம்பிரதாயத்துக்கு" என்றார் மாவட்ட அலுவலக எழுத்தர். வில்ஃப் எழுபது வயது மனிதர், அரசாங்கத்தோடு பழகியவர், அந்த வார்த்தையைக் கேட்டதுமே சுதாரித்திருக்க வேண்டாமா? நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

ஏப்ரலில் காப்பகத்திலிருந்து டாக்டர் ஹார்க்னெஸ் வந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஐம்பது வயது அம்மாள். கூடவே வாயைத் திறக்காத ஓர் உதவியாளர், கை நிறையச் சிவப்புக் கொடிகளோடு. பழைய மடத்து ஏடு ஒன்றில் ஒரே ஒரு வரி உண்டு: "கடலருகே சிற்றாலயம் ஒன்று, கூரை ஒழுகுகிறது." அந்தச் சிற்றாலயத்தை டாக்டர் ஹார்க்னெஸ் பத்தொன்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லாமே கடலருகேதான் இருக்கிறது, எல்லாமே ஒழுகவும் செய்கிறது. அதனால் அவர் தேட வேண்டிய இடம் கொஞ்சம் அதிகம்.

பட்டியைப் பார்த்ததும் அம்மாள் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யார் கட்டினது, மிஸ்டர் பிளெங்கின்?"

"நான்தாம்மா. நானும் என் வீட்டுக்காரியும். எழுபத்தொன்பது கடைசியில. அந்த வருஷம் உருளைக்கிழங்கு மொத்தமும் அழுகிப்போச்சு, அதனால நல்லா ஞாபகம் இருக்கு."

"கிழக்குச் சுவர் அரைவட்டமா இருக்கே?"

"காத்து கடல்லேர்ந்துதானே அடிக்குது. அங்க மூலை வச்சுக் கட்டினா காத்து உள்ளயே சுத்தும். பொறந்த குட்டி விறைச்சுச் செத்துடும்."

"வாசல் மேற்கே."

"பின்ன, கடலைப் பாக்கவா வைப்பாங்க?"

"பழைய சிற்றாலயம் எல்லாமே இந்த அமைப்புதான். கிழக்கே வட்டமா பலிபீடம், மேற்கே வாசல்."

"அவங்களும் ஆடு வளத்திருப்பாங்க" என்றார் வில்ஃப், உதவி செய்யும் எண்ணத்தில்.

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்: "நில உரிமையாளர் காற்றைக் காரணம் காட்டுகிறார்." உள்சுவரில் ஒரு மாடம் இருந்தது. அயோடின் புட்டியும் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் புட்டியும் வைக்கிற இடம். அது புனிதக் கிண்ண மாடம் ஆனது. அடியில் ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி ஞானஸ்நானத் தொட்டியாகப் பதவி உயர்ந்தது. சுவரின் உருண்டைக் கற்கள் ஒரு வரிசை இடப்பக்கமும் அடுத்த வரிசை வலப்பக்கமுமாகச் சாய்ந்து மீன்முள்ளைப் போல ஏறிப் போயிருந்தன. அதைத் தடவிப் பார்த்த டாக்டர் ஹார்க்னெஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது எண்ணூறு வருஷத்துக்கு முந்தின கை."

"இல்லம்மா. நாங்கதான்—"

"போட்டோ இருக்கா?"

"ஆட்டுப்பட்டியை யாரும்மா போட்டோ எடுப்பா?"

"சாட்சி?"

"எஸ்தர் போய் மூணு வருஷமாச்சு. அவ தங்கச்சி மைரா இருக்கா. கூட நின்னு கல்லு எடுத்துக் கொடுத்தா."

"உறவுக்காரங்க சாட்சி செல்லாது. உங்க சாட்சியும் செல்லாது. நீங்க கட்டினதுன்னா உங்களுக்கு வீடு கிடைக்கும். அப்ப நீங்க கட்டினேன்னுதான் சொல்வீங்க."

வில்ஃப் யோசித்துப் பார்த்தார். அந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று அவருக்குப் பிடிபடவில்லை. உண்மையைச் சொன்னால் லாபம் வருகிறது, லாபம் வருவதால் அது பொய். பள்ளிக்கூடத்தில் கணக்கில் தேறாதவர், விட்டுவிட்டார்.

காப்பகத்தின் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் மூன்று வகைக் கோப்புகள் உண்டு. "உறுதி", "இல்லை", "இருக்கக்கூடியது". உறுதி என்று எழுதினால் பின்னால் வருகிற நிபுணர் சிரிப்பார். இல்லை என்று எழுதினால் கோப்பை மூட வேண்டும், மூடினால் அதைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு வேலை இல்லை. இருக்கக்கூடியது என்று எழுதினால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, வில்ஃப் மாதிரி ஆட்களைத் தவிர. அறுபத்திரண்டு வருஷத்தில் அவர்களிடம் நானூற்றுப் பன்னிரண்டு இருக்கக்கூடியவை சேர்ந்திருந்தன. வில்ஃபின் பட்டி நானூற்றுப் பதின்மூன்றாவது.

"தோண்டிப் பாத்துடுங்களேன்" என்றார் வில்ஃப். "அடியில எழுபத்தொன்பதாம் வருஷத்து பீர் டப்பா கிடக்கும். நான்தான் போட்டேன்."

"தோண்டினா சிதைஞ்சுடும்."

"எது சிதையும்?"

"அது என்னன்னு தோண்டினாத்தான் தெரியும்" என்றார் டாக்டர் ஹார்க்னெஸ், பொறுமையாக.

மேட்டைச் சுற்றி வேலி வந்தது. ஆடுகள் வெளியே போயின. அந்த வசந்தத்தில் பிறந்த குட்டிகள் வில்ஃபின் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தன. வேலிக்குள் கிடந்த எலும்பு ஒன்றை உதவியாளர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஜூனில் பதில் வந்தது: ஆட்டுக்குட்டியின் கால் எலும்பு. ஆட்டுப்பட்டியில் ஆட்டுக்குட்டி எலும்பு கிடைத்துவிட்டது, இனிமேல் விட்டுவிடுவார்கள் என்று வில்ஃப் அன்றைக்கு நிம்மதியாக இரண்டாவது கோப்பை டீ குடித்தார். காப்பகத்தின் அறிக்கை வந்தது. "இறைவனின் செம்மறி என்ற கிறிஸ்தவ அடையாளத்தோடு தொடர்புடைய சடங்குப் புதைப்பாக இருக்கலாம்."

ஊரும் சும்மா இல்லை. வில்ஃபே இதைக் கிளப்பிவிட்டிருப்பார், டிக்கெட் போட்டு விற்கப் பார்க்கிறார் என்று மதுக்கடையில் பேசிக்கொண்டார்கள். சிற்றாலயம் உண்மையானால் கத்தோலிக்கர்கள் உரிமை கோருவார்களோ என்று ஊர்ப் புராட்டஸ்டன்ட் பாதிரியாருக்குச் சந்தேகம். வில்ஃபுக்கு எல்லோர் மேலும் சந்தேகம். உதவியாளர் ஒரு நாளும் பேசாததால் அவர் மேல் மட்டும் இரட்டைச் சந்தேகம். மீன் பொரித்து விற்கிற மைரா ஒருத்திதான் நேராகக் கேட்டாள்.

"ஏன்யா, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? அந்தம்மா வந்தன்னிக்கே டிராக்டரை விட்டு இடிச்சிருந்தா, இன்னேரம் சுவர் எழும்பியிருக்கும்."

"எஸ்தர் கட்டினதை எப்படி இடிக்கிறது? நானே கடைசி வரைக்கும் தள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

"என்னமோ, நான் கட்டினேன் நான் கட்டினேன்னுதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே?"

வில்ஃபுக்கு அதற்குள் வேறொரு யோசனை வந்திருந்தது. அக்டோபரில் காப்பகத்தின் குழு நேரில் பார்வையிட வரும். அவர்கள் கண்ணெதிரே அதே மாதிரி ஒரு சுவரை எழுப்பிக் காட்டிவிட்டால்? கட்டத் தெரிந்தவன்தானே கட்டியிருப்பான். தொழுவத்துக்குப் பின்னால் அந்தக் காலத்துக் கற்கள் ஒரு குவியல் மிச்சமிருந்தன.

குழுவில் ஆறு பேர். அவர்களுடைய தலைவர் பெவரிட்ஜ் மடக்கு நாற்காலியும் தெர்மாஸும் கொண்டு வந்திருந்தார். வில்ஃப் இரண்டு நாள் மண்டிபோட்டுக் கட்டினார். முழங்கால் வீங்கியது, இரண்டு விரல் நசுங்கியது. மூன்று முழ உயரத்துக்கு அரைவட்டமாக ஒரு சுவர் எழும்பியது. குழு கைதட்டியது. கைதட்டல் அடங்கியதும் டாக்டர் ஹார்க்னெஸ் அவரைக் கையைப் பிடித்துப் பழைய சுவருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்களே பாருங்க, மிஸ்டர் பிளெங்கின். இந்தச் சுவரைக் கட்டினவர் அந்தச் சுவரைக் கட்டியிருக்க முடியுமா?"

வில்ஃப் பார்த்தார். முப்பத்தொன்பது வருஷமாகத் தினம் இரண்டு வேளை பார்த்த சுவர்தான். புதுச்சுவரில் கற்கள் முட்டிக்கொண்டு நின்றன, ஒரே வரிசைக்குள்ளேயே சாய்வு மாறியது, ஒரு இடத்தில் வயிறு தள்ளியிருந்தது. பழையதில் ஒரு கல்லைக்கூட நகர்த்தி வைக்க முடியாது. ஒவ்வொன்றும் பக்கத்துக் கல்லின் தோளில் சரியாகப் போய்ச் சாய்ந்திருந்தது. அந்த அம்மாள் சொன்னது நிஜம். இதைக் கட்டினவர் அதைக் கட்டியிருக்க முடியாது.

அப்போதுதான் அவருக்கு அந்த நாட்கள் ஒழுங்காக ஞாபகம் வந்தன. அவர் கரையிலிருந்து வண்டியில் கல் கொண்டுவந்து கொட்டுவார். எஸ்தர் குளிரில் மூக்கு சிவக்க மண்டிபோட்டு உட்கார்ந்திருப்பாள். அவர் ஒரு கல்லை எடுத்து வைத்தால் அவள் ஒரு வார்த்தை பேசாமல் அதை எடுத்துக் கடாசிவிட்டு வேறொன்றை வைப்பாள். மூன்றாம் நாளுக்கு அப்புறம் அவர் கல் எடுத்து வைக்கவே இல்லை. சுமந்தவர் அவர், கட்டியவள் அவள். இத்தனை வருஷமும் "நான் கட்டின பட்டி" என்று அவள் எதிரிலேயே சொல்லியிருக்கிறார். அவளும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு கேட்டிருக்கிறாள். வில்ஃபுக்கு அவமானமாக இருந்தது. அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

குழு அதைத் தோல்வியின் சோர்வு என்று குறித்துக்கொண்டது. புதுச்சுவரையும் வேலிக்குள் சேர்த்தார்கள், "தொன்மையைப் போலி செய்யும் திறன் உரிமையாளருக்கு உண்டு என்பதற்கான சான்று" என்று.

நவம்பரில் இரண்டு கஜம் போயிற்று. டிசம்பரில் மூன்று. ஜனவரியில் பெய்த மழையில் கொல்லைப்பக்கம் முழுக்க ஒரே சரிவாகச் சரிந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி மாவட்ட அலுவலகம் ஆள் அனுப்பியது. வில்ஃப் மைரா வீட்டு முன்னறை சோபாவுக்குக் குடிபோனார். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீடு இறங்கியது. சமையலறை முதலில், பிறகு மாடிப்படி. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அவர் தூரத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மார்ச் முப்பத்தொன்றைத் தாண்டினால் ஆடுகளை விற்றுவிட்டு நகரத்தில் மூன்றாம் மாடியில் ஓர் அறை. அதற்கான காகிதமும் வந்துவிட்டது.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி, கிராம மண்டபத்தில் கடைசி விசாரணை. ஊரே வந்திருந்தது. டீயும் இஞ்சிக் கேக்கும் கொடுத்தார்கள். பெவரிட்ஜ் எழுந்து பேசினார்.

"நண்பர்களே. எங்கள் காப்பகம் அறுபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தொன்மையைக்கூட இழந்ததில்லை. ஏனென்றால் ஒன்றையும் அவசரப்பட்டுக் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடித்தவர்கள்தான் இழக்கிறார்கள். மிஸ்டர் பிளெங்கினின் வீட்டைக் கடல் கொண்டுபோனது குறித்து ஆழ்ந்த வருத்தம். ஆனால் அது வீடுதான் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஐயமில்லாத பொருள்களைக் காப்பது எங்கள் பணி அல்ல."

பின்வரிசையிலிருந்து மைரா கேட்டாள்: "இன்னும் இருபது வருஷத்துல கடல் அந்த மேட்டுக்கும் வருமே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

"நல்ல கேள்வி. அதற்குள் அது என்னவென்று முடிவாகியிருக்காது. ஆகவே அது ஓர் இருக்கக்கூடிய இழப்பாக மட்டுமே இருக்கும். அதற்குத் தனிப் படிவம் வைத்திருக்கிறோம்."

பிறகு அவர் ஒரு சலுகையை அறிவித்தார். பதினான்காம் விதிப்படி, இருக்கக்கூடிய தொன்மைக்குப் பக்கத்தில் ஒரு காப்பாளர் வீடு கட்டலாம். காப்பாளர் உள்ளூர்க்காரராக, அந்த இடத்தைப் பற்றிக் குடும்ப வழியாகச் செய்தி அறிந்தவராக இருக்க வேண்டும். பைபிள்மேல் கை வைத்து இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மேட்டின் மறுகோடியில், அதே அளவு வீடு. அஸ்திவாரத்தை நாளைக்கே போடலாம்.

இதில் ஏதோ வலை இருக்கிறது என்று வில்ஃபுக்குத் தோன்றியது. எங்கே என்றுதான் தெரியவில்லை. முன்னால் போய் நின்றார்.

"மிஸ்டர் பிளெங்கின், அந்தக் கட்டடத்தை நீங்கள் கட்டினீர்களா?"

ஒரு வருஷமாக இந்தக் கேள்விக்கு அவர் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருந்தார்.

"இல்ல" என்றார் வில்ஃப்.

டாக்டர் ஹார்க்னெஸ் பெருமூச்சு விட்டார். பின்வரிசையில் மைராவின் கோப்பை தட்டில் இடித்தது.

"உங்கள் குடும்ப வழிச் செய்திப்படி அதைக் கட்டியவர் யார்?"

"எஸ்தர்."

"யார் அது?"

"ஒரு பொம்பளை. கல்லு அவ சொன்னபடி கேக்கும். முழுக்க அவதான் கட்டினா. கூட இருந்தவன் சுமந்தான், அவ்வளவுதான். பேரை மட்டும் அவன் தட்டிக்கிட்டுப் போயிட்டான்."

வில்ஃப் முதல்முறையாக முழு உண்மையைச் சொல்லியிருந்தார், முதல்முறையாகக் குழு அவரை நம்பியது. ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். எண்ணூறு வருஷமாக ஒரு பெண்ணின் பெயரை வாய்மொழியாகவே காத்து வைத்திருக்கிற குடும்பம்! பெவரிட்ஜ் மேசையைச் சுற்றி வந்து வில்ஃபின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சந்தடியில் மைரா எழுந்து வெளியே போனாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

வீடு எழும்பியது. ஆகஸ்டில் குடிபுகுந்தார். ஆடுகளுக்குத் தகரக் கொட்டகை, சிற்றாலயத்துக்குக் கண்ணாடிக் கூரை. செப்டம்பரில் பலகை வந்தது. மைராவும் வில்ஃபும் சேர்ந்துபோய் வாசித்தார்கள்.

"இருக்கக்கூடிய சிற்றாலயம், பதின்மூன்றாம் நூற்றாண்டு. இதைக் கட்டியவர் எஸ்தர் என்ற பெண்ணாக இருக்கலாம் என்பது உள்ளூர் நம்பிக்கை. அப்படி ஒருவர் வாழ்ந்ததற்குச் சான்று எதுவும் இல்லை."

மைரா இரண்டு தடவை வாசித்தாள். "வாழ்ந்ததுக்குச் சான்று இல்லையாமே" என்றாள். "எங்கிட்ட அவளோட செருப்பு இருக்கு."

வில்ஃப் காப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். திருமணச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் நகல் எடுத்து இணைத்தார். பத்து வாரத்தில் பதில் வந்தது. "தாங்கள் அனுப்பியவை இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்த, அதே பெயருள்ள வேறொரு பெண்ணுடையவை. தற்செயலான ஒற்றுமை. பார்வையாளர்களிடம் இதைக் குறிப்பிட்டுக் குழப்பம் ஏற்படுத்த வேண்டாம். காப்பாளர் பலகையில் உள்ள சொற்களை மட்டுமே சொல்ல வேண்டும் என்பதை நினைவூட்டுகிறோம்."

அவர் அதன்படியே நடந்தார். குளிர்காலம் முழுக்க, வந்தவர்களுக்கெல்லாம் பலகையை ஒப்பித்தார். இருக்கலாம், நம்பிக்கை, சான்று இல்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை, சனிக்கிழமைகளில் ஏழு. ஒவ்வொரு தடவையும் கடைசி வரி வரும்போது தொண்டையைச் செருமிக்கொள்வார்.

மார்ச்சில் டாக்டர் ஹார்க்னெஸ் வருடாந்தர ஆய்வுக்கு வந்தார். நோட்டுப் புத்தகத்தோடு பார்வையாளர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அன்றைக்கு வந்திருந்தவர்களில் மலைப்பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், ஆடு வளர்க்கிறவள், சுவரை வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டினவளுக்குக் காத்தைப் பத்தித் தெரிஞ்சிருக்கு" என்றாள். "நிஜமாவே இருந்தாளா இவ?"

வில்ஃப் டாக்டர் ஹார்க்னெஸைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். செருமினார்.

"இருந்தா" என்றார். "நாப்பத்தொரு வருஷம் எங்கூட இருந்தா. நான் வச்ச கல்லு ஒண்ணுகூட அவளுக்குப் பிடிக்காது."

அந்த அம்மாள் சுவரிலிருந்து கையை எடுக்காமல் அவரையே பார்த்தாள். பின்னால் டாக்டர் ஹார்க்னெஸ் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, நேரத்தைக் குறித்து, நிதானமாக எழுதினார்: "காப்பாளருக்கு மனநிலை சரியில்லாமல் இருக்கலாம்."